யானை நுழைந்த சதுரம்

முன்னொரு காலத்தில், கோணலைக் கண்டால் சோறு இறங்காத ராஜா ஒருவர் இருந்தார். பேச்சுக்காகச் சொல்வதல்ல. ஒரு நாள் பந்தியில் அவருக்கு முன்னால் வாழை இலை கொஞ்சம் சாய்வாக விழுந்திருந்தது. மகாராஜா உட்கார்ந்தார், பார்த்தார், எழுந்து போய்விட்டார். ராஜா கை நனைக்காமல் மற்றவர்கள் நனைக்க முடியுமா? அன்று அரண்மனையில் முந்நூறு பேர் பட்டினி. மறுநாள் முதல் இலை போடுகிறவன் நூல் பிடித்து இலை போட்டான். காவலர்கள் மீசையை இரண்டு பக்கமும் அளந்து நறுக்கிக்கொண்டார்கள். பிறவியிலேயே தலை சற்றுச் சாய்ந்த சங்கீத வித்துவான் ஒருவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடினார்.

இப்படிப்பட்ட ராஜாவுக்கு ஒரு ஆசை வந்தது. நாட்டில் எத்தனையோ கொத்தனார்கள், தச்சர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மூலைமட்டம் இருந்தது. இரண்டு மரச்சட்டங்களை இரண்டு கைகள் மாதிரி நேர்மூலையாகச் சேர்த்த கருவி அது. சுவர் மூலையோ கட்டில் மூலையோ, அதை வைத்துப் பார்த்துத்தான் சரி என்பார்கள். ஆளுக்கொரு மட்டம் இருந்தால் ஆளுக்கொரு மூலை வருமே என்று ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. நாட்டுக்கு ராஜா ஒருவர், மூலைமட்டமும் ஒன்றே இருக்கட்டும், அது தங்கத்தில் இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார்.

உத்தரவைத் தலைமேல் ஏற்றவர் பிரதானி கச்சிராயர். ராஜா தும்மினால் தம் மூக்கைத் துடைத்துக்கொள்கிறவர். அவர் அரண்மனைத் தட்டாரைக் கூப்பிட்டு, கைக்கு இரண்டு முழ நீளத்தில் மட்டம் செய்யச் சொன்னார். தட்டார் தயங்கினார். கொஞ்சம் செம்பு கலக்க வேண்டும், சொக்கத் தங்கம் பச்சைப்பிள்ளையின் எலும்பு மாதிரி, சொன்னபடி நிற்காது என்றார். மகாராஜாவின் மட்டத்தில் செம்பா என்று கச்சிராயர் முறைத்தார். தட்டார் வாயை மூடிக்கொண்டு சொக்கத் தங்கத்திலேயே செய்தார். செய்த அன்று மட்டம் மிகச் சரியாகத்தான் இருந்தது.

பொன் மட்டத்தைக் கொலுமண்டபத்துச் சுவரில் மாட்டினார்கள். ஒரு கை சுவரோடு நிமிர்ந்து நிற்கும். மறு கை மரக்கிளை மாதிரி வெளியே நீண்டிருக்கும். அந்தக் கையில் தினமும் காலையில் ஆளுயர மாலை விழும். மல்லிகை, அரளி, மருக்கொழுந்து எல்லாம் சேர்த்துக் கட்டிய கனத்த மாலை. விசேஷ நாளென்றால் நாலு மாலை, ஐந்து மாலை. மட்டத்தை வேலைக்கு எடுத்தது மாதத்தில் ஒரு நாள். மாலை போட்டதோ தினமும்.

இனி எந்த மூலையும் பொன் மட்டத்துக்குப் பொருந்த வேண்டும், பொருந்தாத மூலையைப் போட்டவன் நாட்டில் இருக்கக்கூடாது என்று தண்டோரா போட்டாயிற்று.

அந்த அரண்மனையில் ஒரு பந்தல்காரன் இருந்தான். பெயர் வெயிலுகந்தான். நிழல் கொடுக்கிறவனுக்கு இப்படி ஒரு பெயரா என்று ஊரே சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான். சபைக்குள் அவன் வந்த கதை சின்னது. ஒரு திருவிழாவில், சாயங்காலம் ஆக ஆகப் பந்தலின் நிழல் தம்மை விட்டு நகர்கிறதே என்று ராஜா அவனிடம் கோபித்துக்கொண்டார். "சூரியனுக்கு இன்னும் உத்தரவு போய்ச் சேரவில்லை மகாராஜா" என்றான் அவன். ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கோணலாயிற்று. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. அன்றிலிருந்து சபையில் அவனுக்கு ஒரு மணை.

அந்த மணைதான் கச்சிராயருக்கும் அவருக்கு ஆமாம் போடும் கூட்டத்துக்கும் கண்ணில் விழுந்த தூசி. வெயிலுகந்தான் எங்கே போனாலும் இடுப்பில் ஒரு கயிற்றுச்சுருளும் நாலு முளைக்குச்சியும் இருக்கும். கற்றாழை நாரை அவனே முறுக்கி, தேன்மெழுகு தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கயிறு. வெயிலில் சுருங்காது, பனியில் நீளாது. "சபைக்கு வரும்போதாவது அந்த மாட்டுக்கயிற்றை வாசலில் கட்டிவிட்டு வரக்கூடாதா?" என்று கச்சிராயர் கேட்பார். "கட்டலாம் சுவாமி, மாடு உள்ளே போய்விட்டதே" என்பான் இவன். கச்சிராயர் சிரிப்பதுபோல் பல்லைக் காட்டுவார், மனதுக்குள் எழுதி வைத்துக்கொள்வார்.

அந்த வருஷம், பக்கத்து தேசத்து அரசர் தையில் விருந்துக்கு வருவதாக ஓலை வந்தது. ராஜா புதிதாக ஒரு சதுர மண்டபம் கட்டச் சொன்னார். வேலையை எடுத்தவர் கொத்தனார் தெருவின் தலைவர் அங்கமுத்து. வெயிலுகந்தானுக்கு நெடுநாள் பழக்கம். இவன் பந்தல் போட்டு நிழல் கொடுத்தால், அந்த நிழலில் நின்று அவர் சுவர் எழுப்புவார். அப்படித்தான் இருபது வருஷம் ஓடியிருந்தது.

கடைக்கால் போட்ட ஒன்பதாம் நாள் அங்கமுத்துவைக் கையைக் கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவர் பொன் மட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கயிற்றையும் முளைகளையும் கொண்டு மூலை போட்டாராம். கச்சிராயரின் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். அந்த மூலையில் பொன் மட்டத்தை வைத்தால் ஒரு விரலுக்கு மேல் இடைவெளி. யாருடைய கயிறு என்று கேட்டதற்கு அங்கமுத்து வாயே திறக்கவில்லை.

ராஜா மண்டபத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கோணல் என்ற ஒரு சொல்தான் அவர் காதில் விழுந்தது. அங்கமுத்துவும், அவரிடம் தொழில் செய்யும் கொத்தனார் தெருவின் நாற்பது வீடும், வெள்ளிக்கிழமைக்குள் ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்று புதன்கிழமை.

சேவகன் அந்தக் கயிற்றைச் சபை நடுவில் போட்டான். வெயிலுகந்தான் பார்த்தான். போன வாரம் அங்கமுத்து, ரெண்டு நாளில் தருகிறேன் என்று அவனிடம் வாங்கிப்போன கயிறு. இரண்டு கயிறு வைத்திருந்தவன் அதில் ஒன்றைக் கொடுத்திருந்தான். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவன் மணையை விட்டு எழுந்தான்.

"மகாராஜா, அந்தக் கயிறு என்னுடையது. அதில் போட்ட மூலை கோணலாக இருக்காது."

கச்சிராயருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆயிற்று. அவர் ராஜாவின் பக்கம் சாய்ந்து, பந்தல்காரர் இத்தனை உறுதியாகச் சொல்வதால் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்றார். நாளைக் காலையில் அரண்மனை மைதானத்தில், எல்லோருக்கும் முன்னால் அவர் ஒரு நேர்மூலை போட்டுக் காட்டட்டும். ஆனால் மூலை உள்ள எந்தப் பொருளையும் தொடக்கூடாது. மட்டம், பலகை, செங்கல், பெட்டி, ஓலைநறுக்கு, எதுவும் கூடாது.

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. மூலையே இல்லாத பொருளால் மூலை! "முடியுமா வெயிலுகந்தா?" என்றார்.

"முடியும் மகாராஜா."

"பொருந்துகிறதா என்று பொன் மட்டத்தை வைத்துப் பார்ப்போம்" என்றார் கச்சிராயர் மெதுவாக. "பொருந்தாவிட்டால் கொத்தனாரோடு இவரும் ஆற்றைத் தாண்டட்டும்."

வெயிலுகந்தான் சரி என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டுச் சிறைக்கொட்டடிக்குப் போனான். உச்சி வெயில். அங்கமுத்து கம்பிக்கு அந்தப் பக்கம் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு கட்டின சுவருன்னு தெரியல, பூச்சு மோசம்" என்றார்.

"என் கயிறுன்னு ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா உன் இடுப்புல இருக்குற இன்னொண்ணையும் பிடுங்கிருவாங்க. தொழில் பண்ண எவன்கிட்டயாவது ஒரு கயிறு வேணுமில்ல."

பிறகுதான் அங்கமுத்து நடந்ததைச் சொன்னார். முதலில் அவர் பொன் மட்டத்தை வைத்துத்தான் நூல் பிடித்தார். மூன்று தடவை பிடித்தார். மூன்று தடவையும் நாலாவது சுவர் முதல் சுவரோடு வந்து சேரவில்லை. "நான் மண்டபம் கட்டுறேனா, கோட்டைவாசல் கட்டுறேனா? மட்டம் விரிஞ்சு போச்சுப்பா. கண்ணுக்குத் தெரியாது. நீளமா இழுத்தாத்தான் தெரியும். நவராத்திரிக்கே தட்டார் போய்ப் பிரதானிகிட்ட சொன்னாராம். வெளியே மூச்சு விட்டா கையை எடுத்துருவேன்னுட்டாராம்."

வெயிலுகந்தானுக்கு அப்போதுதான் பொறியின் இரண்டு பல்லும் தெரிந்தன. அங்கமுத்து அதை அவனைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

"நாளைக்கு நீ சரியான மூலை போட்டா, அது பொன் மட்டத்துக்குப் பொருந்தாது. நீ தோத்த. பொன் மட்டத்துக்குப் பொருந்துற மாதிரி போட்டுட்டா, நான் போட்ட மூலை கோணல்னு ஆயிரும். நாற்பது வீடும் போச்சு."

"ராஜாவோட மட்டம்தான் தப்புன்னு நான் சொல்லிட்டா?"

"சொல்ற வாய் இருக்குமா?"

வெயிலுகந்தான் கொட்டடி வாசல்படியில் உட்கார்ந்தான். எதிரே அவன் ஆட்கள் மைதானத்து ஓரத்தில் கயிறு கட்டிக் கொண்டிருந்தார்கள். பட்டத்து யானை குளிக்கப் போய்க்கொண்டிருந்தது. குட்டியிலிருந்தே திருவிழாக் கூட்டத்தில் பழகிய யானை அது. கட்டிய கயிற்றைக் கண்டால் தாண்டாது, அறுக்காது. கயிறு எங்கே முடிகிறதோ அதுவரை நடந்து, சுற்றிக்கொண்டு போகும். இப்போதும் அப்படித்தான் போயிற்று. வெயிலுகந்தான் அதைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வியாழக்கிழமை காலை மைதானத்தில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். மேற்கு ஓரத்தில் ராஜா சிங்காதனத்தில் இருந்தார். தூரத்தில் கொத்தனார் தெரு முழுக்க மூட்டை முடிச்சோடு நின்றது. சிலர் ஆட்டையும் பிடித்து வந்திருந்தார்கள். அங்கமுத்துவின் கைக்கட்டு அவிழ்க்கப்படவில்லை.

வெயிலுகந்தான் இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்தான். இரண்டு முளையை அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் ஓரமாகத் தரையில் ஒரு கோடு கீறினான். கோட்டின் நடுவில் ஒரு முளை வைத்தான். அந்த நடு முளையிலிருந்து இடப்பக்கம் ஒரு கயிற்றளவு, வலப்பக்கம் அதே கயிற்றளவு, இரண்டு இடத்திலும் முளை அடித்தான். கயிற்றை இன்னும் கொஞ்சம் நீளமாக விட்டு, ஒரு நுனியில் கண்ணி போட்டு இடது முளையில் மாட்டினான். மறு நுனியில் ஓர் ஆணியைக் கட்டி, கயிறு விறைப்பாக இருக்கும்படி இழுத்துக்கொண்டே நடந்து மண்ணில் ஒரு வளைவு கீறினான். அதே கயிறு, அதே நீளம், வலது முளைக்கு மாற்றினான். இன்னொரு வளைவு. இரண்டு வளைவும் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன. அந்த இடத்தையும் நடு முளையையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தான்.

அவ்வளவுதான். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"இது நேர்மூலை என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று ராஜா கேட்டார்.

"இந்தக் கோட்டின் உச்சி இடது முளைக்கு எவ்வளவு தூரமோ, வலது முளைக்கும் அவ்வளவே தூரம் மகாராஜா. காலும் இரண்டுக்கும் நட்டநடுவில் நிற்கிறது. அது எந்தப் பக்கம் சாய முடியும்?"

ராஜா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணுக்கு அது இதமாக இருந்தது.

கச்சிராயர் கைதட்டினார். பொன் மட்டம் பட்டுத்துணியில் வந்தது. அவரே அதை எடுத்து, அதன் மூலை நடு முளையில் வரும்படி ஒரு கையை அடிக்கோட்டின்மேல் ஒட்ட வைத்தார். மறு கை வெயிலுகந்தானின் கோட்டோடு பொருந்தவில்லை. நுனியில் ஒரு விரலும் சற்று அதிகமும் விலகி நின்றது. அந்தக் கையின் ஓரமாகவும் தரையில் ஒரு கீறல் போட்டார்கள். குழந்தைக்குக்கூடத் தெரிந்தது.

ஆமாம் போடும் கூட்டம் ஆரவாரித்தது. ராஜாவின் முகம் வாடிவிட்டது. பொன் மட்டத்துக்குப் பொருந்தாதது மூலை ஆகாது என்று தாழ்ந்த குரலில் தீர்ப்புச் சொன்னார்.

வெயிலுகந்தான் குனிந்து கும்பிட்டான். "மகாராஜாவின் ஆணைக்கு மேல் பேச்சில்லை. பொன் மட்டம் சொல்வதுதான் மூலை, ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு ஊரை விட்டுப் போகிறேன். ஆனால் விருந்தாளி அரசருக்கு இந்த மைதானத்தில் பந்தல் போட வேண்டியது என் வேலை. அதை அரைகுறையாக விட்டுப் போனால் எனக்கு அவமானம். ஐம்பது தப்படிக்கு ஐம்பது தப்படி சதுரம். அதை ஆணைப்படி பொன் மட்டத்தாலேயே குறித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்."

ராஜா தலையசைத்தார்.

"இன்னொன்று மகாராஜா. தப்பான மூலை போட்ட கை இது. பொன் மட்டத்தைத் தொட இதற்கு யோக்கியதை இல்லை. பிரதானி அவர்களே ஒவ்வொரு மூலையிலும் தம் திருக்கரத்தால் வைக்கட்டும். நான் கயிறு பிடிக்கிறேன்."

ஊரே பார்க்கப் பொன் மட்டத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவதென்றால் கச்சிராயர் வேண்டாம் என்பாரா? தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார்.

சிங்காதனம் சதுரத்துக்குள் அமையும்படி, முதல் முளையை ராஜாவின் பாதபீடத்துக்கு எதிரே அடித்தார்கள். ராஜாவின் மெய்க்காவலனே ஐம்பது தப்படி அளந்து ஒரு கயிற்றை வெட்டிக் கொடுத்தான். அந்த ஒரே கயிறுதான் நாலு பக்கத்துக்கும் அளவு. முதல் பக்கம் இழுத்து இரண்டாவது முளை அடித்தார்கள். கச்சிராயர் பொன் மட்டத்தை வைத்தார். அது காட்டிய திசையில் இரண்டாவது பக்கம். மறுபடி மட்டம், மூன்றாவது பக்கம். மறுபடி மட்டம், நாலாவது பக்கம். முளைக்கு முளை மார்பளவு உயரத்தில் பந்தல் கயிற்றை விறைப்பாகக் கட்டிக்கொண்டே வந்தான் வெயிலுகந்தான். கச்சிராயர் தங்கத்தைச் சுமந்து வியர்த்து வழிந்தார். யாராவது கை கொடுக்க வந்தால் முறைத்தார். ஒவ்வொரு மூலையிலும், ஆணைப்படி பொருந்துகிறதா சுவாமி என்று வெயிலுகந்தான் உரக்கக் கேட்டான். மயிரிழை பிசகவில்லை என்று அவர் அதைவிட உரக்கச் சொன்னார்.

நாலாவது பக்கத்தின் ஐம்பதாவது தப்படி முடிந்தது. அங்கே முளையை அடித்தார்கள்.

"சதுரம் முடிந்தது மகாராஜா" என்றான் வெயிலுகந்தான். "நாலு பக்கமும் கயிறு கட்டியாயிற்று."

அந்த நேரத்தில்தான் தினமும் பட்டத்து யானை ராஜாவுக்கு வணக்கம் சொல்ல வரும். அன்றும் வந்தது. சதுரத்துக்கு வெளியே நின்று பார்த்தது. கயிறு. ஓரமாக நடந்தது, கயிறு. திரும்பி அடுத்த பக்கம் நடந்தது, அங்கேயும் கயிறு. மூன்றாவது பக்கம், நாலாவது பக்கம். பாகன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். ஊரே வேடிக்கை பார்த்தது. கடைசி முளையின் அருகே வந்ததும் யானை நின்றது. கடைசி முளைக்கும் ராஜாவுக்கு எதிரே இருந்த முதல் முளைக்கும் நடுவில் ஐந்து தப்படி வெட்டவெளி. யானை அதன் வழியாக நிதானமாக உள்ளே நுழைந்தது. ராஜாவுக்கு முன்னால் வந்து துதிக்கையைத் தூக்கியது.

ராஜா யானையைப் பார்த்தார். முளைகளைப் பார்த்தார்.

"நாலு பக்கமும் கட்டியாயிற்று என்றாயே. இது எப்படி உள்ளே வந்தது?"

"ஆணைப்படிதான் கட்டினேன் மகாராஜா. ஆணைப்படியே வழியும் இருந்தது."

கச்சிராயர் முந்திக்கொண்டார். பக்கங்களின் நீளத்தில் பந்தல்காரன் ஏதோ செய்துவிட்டான் என்றார். மெய்க்காவலன் அதே கயிற்றை எடுத்து நாலு பக்கத்தையும் மறுபடி அளந்தான். நாலும் சமம். அப்படியானால் தரை சரியில்லை, கிழக்குப் பக்கம் மைதானமே ஒரு மாதிரி என்றார் கச்சிராயர்.

மூட்டை முடிச்சோடு நின்ற கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

மைதானம் கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. அவர் இறங்கி வந்து, சேராத இரண்டு முளைகளுக்கு நடுவில் நின்றார். இலை ஒரு விரல் சாய்ந்தால் பட்டினி கிடக்கிறவருக்கு எதிரே ஐந்து தப்படிக் கோணல்.

"வெயிலுகந்தா, சொல். என் மட்டம் தவறா?"

ஆம் என்றால் ராஜநிந்தை. இல்லை என்றால் நாற்பது வீடு.

"மகாராஜாவின் மட்டத்தைப் பற்றிச் சொல்ல நான் யார்? அதையே கேட்டுவிடலாம். தோசையைக்கூடத் திருப்பிப் போட்டுப் பார்த்துத்தானே வெந்தது என்கிறோம். காலையில் வைத்த அதே கோட்டில், அதே முளையில், பொன் மட்டத்தை ஒரு தடவை திருப்பிப் போட்டு வையுங்கள். நேர்மூலை என்றால் எந்தப் பக்கம் போட்டாலும் ஒரே கோட்டைத்தான் காட்டும்."

ராஜா வேறு யாரையும் தொடவிடவில்லை. தாமே மட்டத்தை எடுத்தார். காலையில் இடப்பக்கம் படுத்திருந்த கையை வலப்பக்கம் படுக்கவைத்து, அடிக்கோட்டில் ஒட்ட வைத்தார். நிமிர்ந்த கையின் ஓரமாகத் தாமே ஆணியால் கீறினார். பிறகு மட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

தரையில் இப்போது மூன்று கோடுகள் இருந்தன. காலையில் பொன் மட்டம் காட்டிய கோடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இப்போது அதே பொன் மட்டம் காட்டிய கோடு மறுபக்கம் சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் இடையில், எந்தப் பக்கமும் சாயாமல், கயிறு போட்ட கோடு.

ராஜா ஒரு புல்லைக் கிள்ளினார். நடுக்கோட்டுக்கும் இடக்கோட்டுக்கும் உள்ள இடைவெளிக்கு அதை ஒடித்தார். அதே புல்லை வலப்பக்கம் வைத்தார். பொருந்தியது. ஒரு தடவை நம்பாமல் மறுபடி வைத்தார். அப்போதும் பொருந்தியது.

வெயிலுகந்தான் கயிற்றைச் சுருட்டுகிறவன்போல் குனிந்துகொண்டான். முகத்தில் வந்ததை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான். ஆனால் அங்கமுத்து பார்த்துவிட்டார். கை கட்டியிருந்ததால் அவர் தாடையை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

ராஜாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு அவர் யானையின் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் ஆணைக்குள்ளே யானை புகுந்து வருகிறது, எனக்குத் தெரியவில்லை. இந்த ஜீவனுக்குத் தெரிந்திருக்கிறது!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தட்டாருக்கு அப்போதுதான் துணிச்சல் வந்தது. செம்பு கலக்காததையும், மாலையின் பாரத்தில் நீண்ட கை நாளுக்கு நாள் தாழ்ந்ததையும், நவராத்திரிக்குத் தாம் போய்ச் சொன்னதையும், கிடைத்த பதிலையும் கூட்டத்துக்கு முன்னால் சொன்னார். ராஜா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கச்சிராயரைப் பார்த்தார். கச்சிராயர் தரையைப் பார்த்தார். தரை அப்போது சரியாகத்தான் இருந்தது.

அங்கமுத்துவின் கட்டை ராஜாவே அவிழ்த்தார். நாற்பது வீட்டாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குத் திரும்பினார்கள். ஆடு மட்டும் வர மறுத்தது, மைதானத்துப் புல் அப்படி. கச்சிராயருக்கு ராஜா பெரிய தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. பந்தல் முடியும்வரை வெயிலுகந்தானின் கயிற்றுக்கு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார், அவ்வளவுதான். பந்தல் முடிய மூன்று நாள் ஆயிற்று. ஒரே நாளில் முடித்திருக்கலாம்.

பொன் மட்டத்தை உருக்கி, வெயிலுகந்தானுக்கு இரண்டு கைக்கும் காப்பு அடிக்கச் சொன்னார் ராஜா.

"கொஞ்சம் செம்பு கலக்கச் சொல்லுங்கள் மகாராஜா" என்றான் அவன். தட்டார் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

தையில் மண்டபம் எழும்பி நின்றது. நாலாவது சுவர் முதல் சுவரைத் தொட்ட இடத்தில் ஒரு தலைமுடி நுழையவில்லை. அயல் தேசத்து அரசர் அந்த மூலையில் விரலை வைத்துத் தடவி, இதை எந்த நாட்டுக் கருவியால் செய்தீர்கள் என்று கேட்டார். ராஜா தலையை நிமிர்த்தி, வெயிலுகந்தானின் இடுப்பைக் காட்டினார். அந்தப் பழுப்புக் கயிற்றைப் பார்த்து விருந்தாளி நம்பவில்லை. அங்கேயே, அந்தத் தரையிலேயே, வெயிலுகந்தான் இரண்டு வளைவு கீறிக் காட்டினான். அவர் நம்பினார்.

விருந்து முடிந்ததும் ராஜாவுக்கு மறுபடி ஒரு ஆசை வந்தது. அந்தக் கயிற்றுக்கு ஒரு வெள்ளிக்கொக்கி அடித்து, கொலுமண்டபத்தில் தொங்கவிட்டு, தினமும் மாலை சாத்த வேண்டும் என்றார்.

வெயிலுகந்தான் கயிற்றை இன்னும் இறுக்கி இடுப்பில் சுற்றிக்கொண்டான். காப்புப் போட்ட கையால் கும்பிட்டான்.

"வேண்டாம் மகாராஜா. மாலை போட்டால் இதுவும் நீண்டுவிடும். இது வேலையிலேயே இருக்கட்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மறுபடி கோணலாயிற்று. யாரும் அதை நிமிர்த்தப் போகவில்லை, அவரும் நிமிர்த்திக்கொள்ளவில்லை.